வெள்ளையாக வந்த நகல்

ஜோ,

சாப்பிட்டுவிட்டு இதைப் படி. நீளமான கடிதம். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ இடையிடையே "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் பாதியில் நிறுத்திக்கொள்வேன். காட்டுப்பள்ளியில் உன் அறைக்கே கொண்டுவந்து தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். இதில் இருப்பதெல்லாம் அவருக்குத் தெரியும், ஆனாலும் கேட்க வேண்டியதை அவரிடம் கேட்காதே, என்னிடம் கேள். வருகிற தை மாதம் நீ செல்வியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். செல்வியின் அப்பா தேவராஜுக்கு நான் பதினாறு வருஷத்துக்கு முன்பு ஒரு தீங்கு செய்திருக்கிறேன். அது நான்தான் என்று அவருக்குத் தெரியாமல் இருந்தது. நேற்று நெட்டுக்குப்பத்துக்குப் போய் அவரிடம் சொல்லிவிட்டேன். இனி கல்யாணம் நடக்குமா, நின்றுவிடுமா என்பது இந்த நிமிஷம் எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்களில் நீயும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன்.

பிள்ளைக்குக் கல்யாணம் வரும்போது அம்மாக்கள் சொல்வதுபோல் புத்திமதி சொல்ல எனக்கு வராது. எனக்கு நாற்பத்தொரு வயது. பதினெட்டில் உன்னைப் பெற்றேன். நீ எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய அதே காலத்தில்தான் நானும் புத்தகம் புத்தகமாகப் படிக்கப் பழகினேன், ஒரே மேசைக்கு மேலும் கீழுமாக. திருவொற்றியூர் தேரடி பக்கத்தில் இருந்த நம் முதல் ஜெராக்ஸ் கடை உனக்கு மங்கலாக நினைவிருக்கும். மேசைக்கடியில் நீ வீட்டுப்பாடம் எழுதுவாய். மேலே அந்தப் பழைய மெஷினின் விளக்கு இரண்டு பக்கமும் வெளிச்சம் தெறிக்கப் போய் வரும். மூடியைத் திறந்து வைத்தே நகல் எடுப்பேன் என்று அப்பா திட்டுவார். வருகிறவர்களின் வாய்க்கும் அங்கே குறைவிருக்காது. ஒருமுறை ஆட்டோக்காரர் ஒருவர் லைசென்ஸ் நகலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மூஞ்சி கருப்பா வந்துகீது, யாரோ மாரி கீறேன்" என்றார். "மெஷின் இன்னாப்பா பண்ணும், கீறத தான எடுக்கும்" என்றேன். கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். கீழேயிருந்து நீயும் சிரித்தாய். மெஷின் இருப்பதைத்தான் எடுக்கும் என்ற அந்த வசனத்தை நான் நாளைக்குப் பத்து முறையாவது சொல்லிக்கொண்டிருந்தேன். நானே நம்பவும் செய்தேன்.

அது உண்மையில்லை. ஏன் உண்மையில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் நான் செய்தது புரியாது. நீ கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவன், உனக்கு இது கஷ்டமாக இருக்காது. பழைய மெஷினுக்குள்ளே ஒரு டிரம் உண்டு. இருட்டில் அதன் மேல் முழுக்க மின்சாரம் ஏற்றி வைக்கும். பிறகு நாம் கண்ணாடிமேல் கவிழ்த்த காகிதத்தில் விளக்கடிக்கும். காகிதத்தின் வெள்ளைப் பகுதி வெளிச்சத்தைத் திருப்பி டிரம்மின் மேல் அடிக்கும், அங்கே மின்சாரம் வடிந்துபோகும். எழுத்து இருக்கும் இடத்திலிருந்து வெளிச்சம் திரும்பாது, அங்கே மின்சாரம் அப்படியே நிற்கும். நிற்கிற இடத்தில் டோனர் பொடி ஒட்டும், அதுதான் நகல். இதுவரை எல்லோருக்கும் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. வெள்ளைப் பகுதியில் மின்சாரம் முழுசாக வடிவதில்லை, கொஞ்சம் தங்கும். காகிதம் பழுத்துப் போயிருந்தால் இன்னும் கொஞ்சம் தங்கும். அதை அப்படியே விட்டால் பக்கம் முழுவதும் சாம்பல் பூத்த மாதிரி வரும். அதனால் பொடியைக் கொண்டுவந்து கொடுக்கும் ரோலருக்கும் தனியாக ஒரு வோல்டேஜ் கொடுத்திருப்பார்கள். டிரம்மில் ஓர் இடத்தில் இருக்கும் வோல்டேஜ் ரோலரில் இருப்பதைவிட அதிகமாக இருந்தால்தான் பொடி ரோலரை விட்டு அங்கே தாவும். குறைவாக இருந்தால் ரோலரிலேயே தங்கிவிடும்.

எண்ணூர் கழிமுகத்தில் தண்ணீர் வற்றும்போது சேற்றுத்திட்டு, நட்ட கழி, உடைந்த படகின் விலா எல்லாம் தெரியும் அல்லவா. தண்ணீர் ஏறினால் உயரமான கழி மட்டும் தெரியும். ரோலரின் வோல்டேஜ் அந்தத் தண்ணீர் மட்டம் மாதிரி. மெஷினில் 'லைட்', 'டார்க்' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதை 'லைட்' பக்கம் தள்ளினால் அந்த மட்டம் ஏறும். பழுப்பு, கறை, மடிப்பின் நிழல் எல்லாம் மூழ்கிப் பக்கம் வெள்ளையாக வரும். 'டார்க்' பக்கம் தள்ளினால் மட்டம் இறங்கும், எல்லாமே மேலே வரும், அழுக்கோடு. நடுவில் 'ஆட்டோ'வில் விட்டால் மெஷினே காகிதத்தின் ஓரத்தை முதலில் பார்த்து, எவ்வளவு வெளுப்பு என்று கணக்குப் பண்ணி, மட்டத்தை வைத்துக்கொள்ளும். இப்போது ராயபுரம் கடையில் இருக்கும் மெஷினில் வேலை கொஞ்சம் வேறு மாதிரி. அவ்வப்போது தனக்குள்ளேயே ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் போட்டு, சென்சாரால் அதன் கருமையைப் பார்த்து, வோல்டேஜைத் தானே சரிபண்ணிக்கொள்கிறது. மழை நாளில் காற்று ஈரமானால் பக்கங்கள் கறுத்து வருவதையும் முக்கால்வாசி அதுவே கவனித்துக்கொள்கிறது. ஆனால் எந்த மெஷினாக இருந்தாலும் அதற்கு ஒன்று தெரியாது. மங்கிய கறை எது, மங்கிய முத்திரை எது என்று தெரியாது. இரண்டும் ஒரே அளவு மங்கியிருந்தால் இரண்டும் ஒன்றாகவே மூழ்கும்.

பதினாறு வருஷத்துக்கு முன்பு, உனக்கு ஏழு வயது இருக்கும்போது, நெட்டுக்குப்பத்துக்காரர் ஒருவர் கடைக்கு ஒரு காகிதம் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதை லுங்கி மடிப்பில் செருகியிருந்தார். கழிமுகத்தில் குழாய் போட வந்த ஒரு நிறுவனம், வலை காயவைக்கும் மணல்திட்டை எடுத்துக்கொண்டதற்கு ஈடாக, வீட்டுக்கு ஒரு வேலை என்று எப்போதோ இவர் அப்பாவிடம் எழுதிக் கொடுத்த சீட்டு அது. குப்பத்தில் மற்ற வீட்டார் கையோடு சீட்டைக் கொடுத்து வேலையில் சேர்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் கடலை விட மனசில்லாமல் வருஷக்கணக்கில் வைத்திருந்தார். கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மீன் அற்றுப்போன பிறகுதான் அதை எடுத்திருக்கிறார். காகிதம் பழுத்து, ஓரமெல்லாம் எண்ணெய் ஊறி, மீன் தண்ணீர் பட்டுக் கோடு கோடாக இருந்தது. "நல்லா வெள்ளையா வர்ணும்மா. ஆபீஸ்ல கலீஜா கீதுன்னு தூக்கிப் போட்ருவான்" என்றார். கண்ணாடியில் கவிழ்க்கும்போது பார்த்தேன். கீழே வலது பக்கம் ஒரு வட்ட முத்திரை. ஊதா மை, அநேகமாக வெளுத்துவிட்டது. கையெழுத்தின் மேல் பாதி ஏறியிருந்தது. முதலில் 'ஆட்டோ'வில் எடுத்தேன், சாம்பலாக வந்தது. 'லைட்' பக்கம் இரண்டு படி தள்ளினேன், கோடுகள் இன்னும் தெரிந்தன. கடைசிவரை தள்ளினேன். டைப் அடித்த எழுத்து மட்டும் கறுப்பாக, மற்றதெல்லாம் புதுக் காகிதம் போல வெள்ளையாக வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. அவரும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "சூப்பரா வந்துகீது" என்றார். நகலையும் அசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பார்க்கவில்லை. அழகாக வந்ததைத் திரும்பப் பார்க்கத் தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். அசலையும் நகலையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார். அலுவலகத்தில் அசலைக் காணோம் என்கிறார்கள், கோப்பில் நகல் மட்டும்தான் இருக்கிறது. அந்த நகலில் முத்திரையும் இல்லை, கையெழுத்தும் அரைகுறைதான். முத்திரை இல்லாத காகிதத்தை யார் வேண்டுமானாலும் அடித்துக்கொண்டு வரலாம் என்று சொல்லிவிட்டார்களாம். நகலின் நகல் ஒன்று வாங்கி வந்து மேசைமேல் வைத்தார். "உன் மெஷின்ல அது எங்கனா ஒக்காந்துகினு இருக்குமாம்மா? எங்க நைனா சீல் குத்துனாங்கன்னு சத்தியம் பண்றாரு. நீ எடுக்க சொல்லோ பாத்தியா?" என்று கேட்டார்.

நான் பார்த்திருந்தேன், ஜோ. அவர் கேட்ட அந்த நொடியில் அந்த ஊதா வட்டம் கண்முன்னே வந்தது. என்ன நடந்திருக்கும் என்பதும் அரைகுறையாகப் புரிந்தது. கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். கடை ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இங்கே எடுத்தால் சீல் காணாமல் போகும் என்று ஒருவர் சொன்னால் தேரடி முழுக்கப் பரவ எத்தனை நேரம் ஆகும். "சீல் இருந்த மாதிரி ஞாபகம் இல்லண்ணா. மெஷின் கீறத தான எடுக்கும்" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "அதான பாத்தேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றே மத்தியானம் என் ஞானஸ்நானச் சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து மெஷினில் வைத்தேன். மாதா கோயில் முத்திரை மங்கிப்போன பழைய காகிதம் அது. 'டார்க்'கில் முத்திரை தெரிந்தது, பக்கம் அழுக்காக இருந்தது. 'ஆட்டோ'வில் வட்டத்தின் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது. கடைசி 'லைட்'டில் ஒன்றுமே இல்லை. கடையில் மெக்கானிக் மறந்துவிட்டுப் போன சர்வீஸ் புத்தகம் ஒன்று கிடந்தது. கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிற பழக்கத்தில் ஒரு வாரத்தில் அதையும் படித்து முடித்தேன். ரோலர், வோல்டேஜ் என்று மேலே எழுதியதெல்லாம் அதிலிருந்து புரிந்துகொண்டதுதான். ஆக, எனக்குத் தெரியாமல் நடந்தது நகல் எடுத்தது மட்டும்தான். மற்றதெல்லாம் தெரிந்தே நடந்தது. நெட்டுக்குப்பம் ஒரு பஸ் தூரம். போகவில்லை. அவர் மறுபடி வந்தால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன், அவர் வரவில்லை. வராமல் இருந்தது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

உனக்குப் பன்னிரண்டு வயதில் நடந்த ஒன்று ஞாபகம் இருக்கிறதா? காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்தில் பொய் லீவு லெட்டர் கொடுத்துவிட்டு, காசிமேட்டில் விசைப்படகு கட்டுவதைப் பார்க்கப் போனாய். கண்டுபிடித்து உன்னை அடித்தேன். அது மட்டுமல்ல, மறுநாள் உன்னைக் கூட்டிக்கொண்டு போய் வகுப்பு முழுவதற்கும் முன்னால் டீச்சரிடம் உண்மையைச் சொல்ல வைத்தேன். நீ அழுதுகொண்டே சொன்னாய். சாயந்திரம் அப்பா, "பையன் கப்பல் பாக்கப் போனான், கஞ்சாவா வித்தான்? இம்மாம் பேஜாரு பண்ற" என்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நாட்களில் நெட்டுக்குப்பத்துக்காரர் எப்போதாவது நினைவுக்கு வருவார். ஆனால் உன்னை நிறுத்தி வைத்த இடத்தில் என்னை நான் நிறுத்தவில்லை. அந்த அடிக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல நாள் நினைத்ததுண்டு. இப்போது கேட்டுவிடுகிறேன்.

ஒன்றரை மாதம் முன்பு செல்வி வீட்டுக்கு நாம் மூன்று பேரும் பேசி முடிக்கப் போனோமே, அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பைக் சூடாகிறது என்று அதை நிழலில் நிறுத்த நீ வெளியே போயிருந்தாய். செல்வி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "வூடு கண்டுபுடிக்க கஷ்டமா இருந்துச்சா அத்தே? எங்க பட்டப்பேர சொல்லிக் கேட்டிருந்தீங்கன்னா சின்னப் புள்ளகூட கை காட்டும். மொட்டச்சீட்டு வூடு" என்று சிரித்தாள். தேவராஜ், "அத ஏம்மா இப்போ" என்றார். அப்பா சும்மா இருப்பாரா, "இன்னா சம்மந்தி அது மொட்டச்சீட்டு" என்று கேட்டுவிட்டார். தேவராஜ் சொல்ல ஆரம்பித்தார். அவர் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆளை அடையாளம் தெரியவில்லை. அன்று கறுத்த மீசையோடு வந்தவர், இன்று முகம் வற்றிப்போய் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். என்னையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டேன், உடம்பு வைத்துவிட்டேன், கடையையும் ராயபுரத்துக்கு மாற்றிக்கொண்டோம்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்க நைனா கெட்டவரு இல்ல சம்மந்தி. குப்பத்துல எல்லாருக்கும் சீட்டு வாங்கித் தந்ததே அவருதான். நம்ம வூடு கம்பெனி போட்ட கோட்டுக்கு அப்பால கீதுன்னு நமக்கு மட்டும் தரலபோல. கேக்க வெக்கப்பட்டுகினு இவரே ஒண்ணு அடிச்சு வச்சிகினாரு. சீல் இல்லாத மொட்டச்சீட்டுன்னு ஊரெல்லாம் அப்டித்தான் சொல்லிச்சு. நான் மொதல்ல நம்பல. ஜெராக்ஸ் கடைக்கே போயி கேட்டேன். சின்னப் பொண்ணு ஒண்ணு, எப்பவும் புக்கு படிச்சிகினே இருக்கும். அது சொல்ட்ச்சு, சீல் இல்லன்னு. அது ஏன் பொய் சொல்லப் போவுது? அதோட நானும் வுட்டேன்."

ஊர் சொன்னதை நம்பாதவர் நான் சொன்னதை நம்பியிருக்கிறார். நான் படிக்கிற பெண்ணாக இருந்ததால் நம்பியிருக்கிறார். காபியைக் குடித்து முடித்தேன், தட்டு மாற்றினோம். மதம் வேறாயிற்றே என்று அவர் ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. "பொண்ணுக்குப் புடிச்சா செரி" என்றார். அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, பைக்கில் நீ முன்னால் போக, ஆட்டோவில் அப்பாவோடு வீட்டுக்கு வந்தேன்.

அப்பாவிடம் அன்றே சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "அந்தக் கெழவன் போயி சேந்துட்டான். வேலையும் இனிமே வராது. இப்போ போயி இத கெளறினா யாருக்கு இன்னா கெடைக்கும்? உன் புள்ள கல்யாணம்தான் பூடும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஒவ்வொன்றும் உண்மைதான். ஆறு வாரம் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கல்யாணம் முடிந்த பிறகு சொல்லலாம் என்றும் நினைத்தேன். அப்படிச் சொன்னால் செல்வி நம் வீட்டில் இருப்பாள். கோபப்படக்கூட தேவராஜுக்கு இடம் இருக்காது, பெண் கொடுத்த வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொள்வார். அந்த மனிதரை இரண்டாவது முறையும் வாயை மூடிக்கொண்டு போக வைப்பதாகத்தான் அது முடியும். பட்டறையில் வெல்டிங் தையலைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால் மேலாகப் பார்க்கிறவர்களுக்கு விரிசல் தெரியாது, அதனால் தேய்க்கும் முன்பே சோதித்துவிட வேண்டும் என்று நீ ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாய். உனக்கு அது வேலையில் ஒரு விதி. நான் அதைக் கேட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனேன்.

உன்னிடம் முதலில் சொல்லாமல் அவரிடம் ஏன் போனேன் என்று கேட்பாய். உன்னிடம் சொன்னால் நீ வேண்டாம் என்பாய் என்று பயந்தேன். நீ வேண்டாம் என்று சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன், அதற்குப் பழியை உன்மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இதுவும் உனக்குச் செய்த தவறுதான். உன் கல்யாணத்தை வைத்து உன்னைக் கேட்காமல் முடிவெடுத்தேன்.

நேற்று காலை பதினோரு மணிக்குப் போனேன். தேவராஜ் வீட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தார். செல்வியின் அம்மா பக்கத்தில் கூடை கழுவிக்கொண்டிருந்தார். செல்வி வேலைக்குப் போயிருந்தாள். "வா சம்மந்தி, இன்னா தனியா வந்துகீற" என்று எழுந்திருக்கப் பார்த்தார். உட்காரச் சொல்லிவிட்டு, நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்ணா, தேரடி ஜெராக்ஸ் கடையில சீல் இல்லன்னு ஒரு பொண்ணு சொல்லிச்சுன்னு சொன்னீங்களே. அது நான்தான்."

அவருக்குப் புரியவில்லை. "எந்தப் பொண்ணு?" என்றார்.

"நான்தாண்ணா. அன்னிக்குப் பொய் சொன்னேன். சீல் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

அவர் கை நிற்கவில்லை. இரண்டு இறாலைப் பிரித்துத் தட்டில் போட்டார். தலையைத் தூக்காமலே, "எந்த எடத்துல?" என்று கேட்டார். என்னைச் சோதிக்கிறார் என்று தெரிந்தது.

"கீழ, வலது பக்கம். கையெழுத்து மேல பாதி ஏறி இருந்துச்சு. ஊதா மை. வட்டத்துல கீழ்ப்பக்க எழுத்து நசுங்கி இருந்துச்சு."

"கையெழுத்து மேல" என்று அவர் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு மனைவியைப் பார்த்து, "கையெழுத்து மேலதான்டா குத்துனான், மை கையில ஒட்டிக்கிச்சுன்னு நைனா சொல்வாரே" என்றார். செல்வியின் அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். "இத்தினி வருசமா இன்னா பண்ணிகினு இருந்த நீ?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. "ஒண்ணும் பண்ணலக்கா" என்றேன்.

நகல் எப்படி வெளுத்தது என்று விளக்க, என் சான்றிதழின் மூன்று நகல்களைப் புதிதாக எடுத்துப் போயிருந்தேன். அவற்றைக் காட்டி, எந்தப் பட்டனைத் தள்ளினேன், ஏன் முத்திரை போனது என்று சொன்னேன். தேவராஜ் மூன்றையும் மடியில் வரிசையாக வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஈரக் கை பட்டுக் காகிதம் நனைந்தது. "இது மெஷின் தப்பு. அது வுடு. எனக்கும் வெள்ளையாத்தான் வேணும்னு இருந்துச்சு, நானும்தான் பாக்கல" என்றார். மூன்றையும் மடித்து என்னிடம் நீட்டி, "ஆனா நான் வந்து கேட்டேன் பாரு" என்றார். அவர் அப்பா அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தாராம். படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும், சீல் இருந்ததுடா என்பாராம். "போதும் நைனா, கட பொண்ணே சொல்ட்ச்சு, வாய மூடுன்னு சொல்வேன். கடசியில ஒரு வருசம் அவரு அதப் பத்திப் பேசறதையே வுட்டாரு. நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவில்லை. எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். "எழுதறதெல்லாம் வேணாம். எழுதுனது ஒரு தபா பட்டாச்சு" என்றார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் குப்பத்துக் கோயில் எதிரே ஊர்க்கூட்டம் இருக்கிறதாம். "அங்க வந்து சொல்லு. மைக்கு கட்டுவாங்க, மைக்குல சொல்லு. எங்கப்பா பேர மொட்டச்சீட்டுன்னு சொன்னவன் பாதிப் பேரு இன்னும் உசுரோட கீறான். அவன் காதுல வுழணும்" என்றார். கல்யாணத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "கண்ணாலத்த பத்தி இப்போ என்னை கேக்காத. செல்விய கேக்கணும். அவளும் தாத்தாவ பாத்து சிரிச்சவதான்."

வரும்போது செல்வியின் அம்மா போன முறை மாதிரி ஒரு பையில் இறால் போட்டுக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என்னால் வாங்கியிருக்க முடியாது.

செல்விக்கு நேற்றே சொல்லியிருப்பார்கள். அவள் உனக்குப் போன் செய்தாளா என்று தெரியவில்லை. செய்திருந்தால், அவள் எவ்வளவு கோபமாகப் பேசியிருந்தாலும் நீ எனக்காக வாதாடாதே. அம்மா அப்போது சின்ன வயசு, தெரியாமல் செய்துவிட்டாள் என்று சொல்லாதே. தெரிந்துதான் செய்தேன் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்றால் தள்ளிப்போடுங்கள். என் முகத்தைப் பார்க்காமல் நடத்த வேண்டும் என்றால் அப்படியே நடத்துங்கள், கோயிலில் கடைசிப் பெஞ்சில் உட்கார எனக்கு ஆட்சேபம் இல்லை. அவள் வேண்டாம் என்றே சொல்லிவிட்டால், ஏன் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஏமாற்றத்தில் என்மேல் நீ கோபப்படுவாய். அதை அடக்கிவைக்காதே, வந்து நேராகச் சொல்.

கூட்டத்தில் என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். முதலில் ஒரு பக்கம் வந்தது. அதில் பாதி என்னைப் பற்றியே இருந்தது, பயந்தேன், இளவயது, கடை புதிது என்று. அதையெல்லாம் அடித்துவிட்டு, சீட்டில் முத்திரை இருந்தது, நான் பார்த்தேன், கேட்டபோது இல்லை என்றேன், பெரியவர் சொன்னது உண்மை என்று நான்கு வரி வைத்துக்கொண்டேன். மைக்கில் பேசி எனக்குப் பழக்கமில்லை. கடையில் நாலு பேர் முன்னால் ஒரு உண்மையைச் சொல்ல முடியாதவள், ஊர் முன்னால் எப்படிச் சொல்லப்போகிறேன் என்று அந்த நான்கு வரியையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். அப்பா கூட வருகிறேன் என்கிறார். சங்கடப்பட்டுக்கொண்டுதான் வருவார், ஆனால் வருவார்.

நீ வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவுதான், காட்டுப்பள்ளியிலிருந்து வருகிற வழிதான், அதற்காக வராதே. யோசித்துப் பார்த்து, வந்துதான் ஆக வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் வா. வந்தால் ஒன்று செய். நான் பேசும்போது என் பக்கத்தில் வந்து நிற்காதே. தேவராஜும் செல்வியும் எங்கே நிற்கிறார்களோ, அவர்கள் இடம் கொடுத்தால், அங்கே போய் நில்.

அம்மா